லேகியம் இருக்கட்டும், ஆரஞ்சு இன்ஹேலரை நிறுத்தாதே

அன்புள்ள கயல்,

பெரியவனின் ஆஸ்துமா இளைப்புக்கு உன் மாமியார் சிங்கப்பூர்த் தேக்காவில் லேகியம் வாங்கி வைத்திருக்கிறார் என்றாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

தூதுவளை ரசம், மிளகுப்பால், ஓமவல்லிச் சாறு இதற்கெல்லாம் அவரோடு மல்லுக்கட்டாதே. ஆறு வயதுப் பிள்ளைக்குச் சமையல் அளவில் கொடுத்தால் தொண்டைக்கு இதம். ஒரு வயது ஆகாத சின்னவளுக்கு மட்டும் தேன் நாக்கில்கூடத் தடவக் கூடாது. பொட்டுலிசம் என்ற நஞ்சு நோய் வரலாம்.

ஆனால் இவை எதுவும் மூச்சுக்குழாய் வீக்கத்தை ஆற்றாது. அது தினமும் இழுக்கும் தடுப்பு மருந்தான ஆரஞ்சு இன்ஹேலரின் வேலை. அதை நிறுத்திய அன்றே இளைப்பு வந்துவிடாது. பலன் சில நாள், சிலருக்குச் சில வாரம் நிற்கும். அந்த இடைவெளியில் லேகியம் கொடுத்தால் பெயர் லேகியத்துக்குப் போய்விடும். பிறகு ஒரு சளியோ புகைமூட்டமோ வரும்போதுதான் பிள்ளை திணறுவான். வீடுகளில் அதிகம் நடக்கும் தப்பு இதுதான்.

சேர்மானம் எழுதாத டப்பா வேண்டவே வேண்டாம். உலோகம், தாதுக்களைப் புடமிட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் சேர்ந்திருந்தால் ஈயமோ பாதரசமோ இருக்கலாம். "ஒரே வாரத்தில் குணம்" என்றால் இன்னும் சந்தேகப்படு. ரகசியமாக ஸ்டீராய்டு கலந்த பொருள்களைப் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையம் எச்சரித்திருக்கிறது. அதை நெடுநாள் தின்றால் முகம் உப்பும். உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொள்ளும். அப்போது சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. ஏற்கெனவே கொடுத்து வந்திருந்தால் டப்பாவோடு மருத்துவரிடம் போ.

தேனீக்களிடமிருந்து எடுக்கும் ராயல் ஜெல்லி, புரோபொலிஸ் இரண்டும் ஆஸ்துமாக்காரருக்குக் கடும் ஒவ்வாமையைக் கிளப்பலாம். பறவைக்கூட்டுப் பானமும் அப்படித்தான். 1990களில் சிங்கப்பூர்ப் பிள்ளைகளிடம் உணவால் வந்த கடும் ஒவ்வாமைக்கு அதுவே முதல் காரணமாக இருந்தது. பக்கத்து வீட்டார் அன்போடு கொடுப்பார்கள், சிரித்துக்கொண்டே வாங்கி ஓரமாக வை, பிள்ளைக்குக் கொடுக்காதே.

சின்னவளைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டுவதையும் விட்டுவிடு. அந்தப் புகை இருவர் நெஞ்சுக்கும் ஆகாது. கோடாலித் தைலத்தில் கற்பூரம் உண்டு. பிறந்தபோது எடுத்த ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) பரிசோதனையில் குறைபாடு என்று வந்த குழந்தைக்கு அது ரத்த அணுக்களை உடைக்கலாம். சின்னவளின் முடிவைச் சுகாதாரக் கையேட்டில் பார். வெந்நீர் ஆவி ஆஸ்துமாவைத் தணிக்காது, பாத்திரம் கவிழ்ந்தால் தோல்தான் வேகும்.

மருந்து "வேலை செய்யவில்லை" என்பவர்கள் பலர் ஸ்பேசரை, அதாவது இன்ஹேலரில் பொருத்தும் குழலை, சரியாகப் பிடிப்பதில்லை. குலுக்கு, ஒரே ஒரு பஃப் அழுத்து, ஐந்தாறு மூச்சு நிதானமாக இழுக்கட்டும். அடுத்த பஃபுக்கு முன் மறுபடி குலுக்கு. இரண்டு பஃபைச் சேர்த்து அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சுவரில் ஒட்டிவிடும். ஆரஞ்சுக்குப் பின் வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும். ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவித் தானாக உலரவிடு. துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்தை உள்ளேயே பிடித்துக்கொள்ளும்.

விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளிழுத்தாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ ஆம்புலன்சுக்கு 995 அழை. நிமிர்ந்து உட்காரவை, மருத்துவர் தந்த ஆஸ்துமா திட்டத்தாளில் எழுதியபடி, உடனே மூச்சைத் திறக்கும் நீல இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே இரு. திணறும் பிள்ளையிடம் வீசிங் சத்தம் திடீரென்று அடங்கினால் அது குணமல்ல, காற்றே போகவில்லை என்று அர்த்தம்.

லேகிய டப்பாவின் நாலு பக்கமும் படமெடுத்து இன்றே அனுப்பு.

அம்மா