பட்டியல் போட்டால் காணி போய்விடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் திருகோணமலை டைக் வீதிப் பக்கம் நடுமுற்றம் வைத்த ஒரு பழைய நாற்சார் வீட்டை இடித்தார்கள். காலை ஏழு மணிக்குப் பெக்கோ வந்தது. பத்து மணிக்கு முன்விறாந்தை இல்லை. பின்னேரம் ஓட்டை ஒருவர், மரத்தை ஒருவர், கதவு யன்னலை இன்னொருவர் என்று விலைபேசி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் முப்பது வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் வீட்டுப் பிளான் கீறுகிறவன், அந்த வளவில் எழும்பப் போகும் மூன்று மாடிக்கும் பிளான் கேட்டு முதலில் என்னிடம்தான் வந்தார்கள், ஆகவே வீட்டுக்காரரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. பிள்ளைகள் நாலு பேரும் நாலு நாட்டில். கூரை ஒழுகுகிறது, வளைமரத்தில் கறையான், பழைய வேலை தெரிந்த மேசன் கிடைப்பதில்லை. அந்த மனிதர் வேறு என்ன செய்வார்?

இடிக்கும் முன் ஒன்றே ஒன்று கேட்டேன். "ஐயா, ஒரு நாள் தாருங்கள், அளந்து படமெடுத்துப் பதிந்து வைக்கிறேன்." அவர் மறுத்துவிட்டார். "வேண்டாம் தம்பி. பட்டியலில் பேர் ஏறினால் நாளைக்குத் தொல்பொருள்காரர் வந்து கல்லு நட்டுப்போட்டுப் போவாங்கள். பிறகு வீடும் இல்லை, காணியும் இல்லை."

இந்தப் பயத்தை நான் ஒருநாளும் சின்னதாக எண்ண மாட்டேன். கன்னியா வெந்நீரூற்றில் கோவில் காணி பற்றித் தொல்பொருள் திணைக்களத்தோடு வந்த பிணக்கு எல்லாருக்கும் தெரியும். 2020இல் கிழக்கு மாகாணத் தொல்பொருள்களுக்கென்று ஜனாதிபதி செயலணி ஒன்றை அமைத்தபோது, தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தக் குழுவில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ நியமிக்கப்படவில்லை. அப்படியிருக்க, "பழைய வீடு" என்று யாராவது வாயெடுத்தாலே சனம் காணி உறுதியைத் தேடிப் பெட்டியைத் திறக்காமல் என்ன செய்யும்? ஆனால் அந்தப் பயத்தின் விலையாக ஊரின் சொந்த வீடுகளே ஒன்றொன்றாக, ஒரு படம்கூட மிஞ்சாமல் போகின்றன. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பட்டியல் என்றால் பறிப்பு என்றுதான் நானும் நம்பியிருந்தேன். அந்த எண்ணம் மாறியது வெகு தூரத்தில், அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியா மாநிலத்தில் அப்பலாச்சியன் மலைகளுக்குள் கிடக்கும் பொக்கஹொன்டாஸ் என்ற ஒரு கிராமப்புறக் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு). மகள் குடும்பத்தைப் பார்க்கப் போனபோது மருமகன் காரில் கூட்டிக்கொண்டு போனார். பரப்பளவில் அந்தக் கவுண்டி நம் திருகோணமலை மாவட்டத்தைவிடக் கொஞ்சம்தான் சின்னது. ஆனால் 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் எட்டாயிரம் பேர்கூட இல்லை, நம் மாவட்டத்திலோ 2012இலேயே மூன்றே முக்கால் இலட்சத்துக்கு மேல். பணக்கார இடமும் இல்லை. மரம் வெட்டும் தொழில் போனதும் இளம் ஆட்கள் இறங்கிப் போய்விட்டார்கள். வழியெல்லாம் பூட்டிய வீடுகளைப் பார்த்தேன், நம்மூர் ஞாபகம்தான் வந்தது.

அங்கே காஸ் என்று ஒரு ஊர். 1901 அளவில் ஒரு கடதாசிக் கம்பனி தன் மர ஆலைத் தொழிலாளருக்காக எழுப்பியது. ஒரே அளவு, ஒரே கூரை, வெள்ளை அடித்த இரண்டு தட்டு மரவீடுகள் வரிசையாக நிற்கின்றன, முன்னால் பலகை நடைபாதை, சின்ன வேலி. தொழில்காரன் கண்ணோடு சொல்கிறேன், அந்த வீடுகளில் ஒன்றைத் தனியே பிரித்தெடுத்தால் அதில் எந்த விசேஷமும் இல்லை. வரிசையாக நிற்பதுதான் விசேஷம். அந்த வரிசையில் நின்றால் ஆலைச் சங்கு ஊதி எல்லாக் கதவும் ஒன்றாகத் திறந்திருக்கும் காலையை நினைத்துப் பார்க்கலாம். ஆலை 1960இல் மூடியது. தண்டவாளத்தை இரும்பு விலைக்கு விற்றிருப்பார்கள், ஆனால் ஊர்க்காரரும் ரயில் பிரியர்களும் விடாமல் நின்றதால் மாநில அரசு பொறுப்பெடுத்தது. மரம் இழுத்த அதே நீராவி இயந்திரங்கள் 1963இலிருந்து பயணிகளை மலைக்கு இழுக்கின்றன. தொழிலாளர் வீடுகளைத் திருத்தி வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஊரையே ஒரு வரலாற்று வட்டாரமாகப் பதிந்திருக்கிறார்கள்.

இந்த "வட்டாரம்" என்ற எண்ணம்தான் நமக்கு வேண்டியது. அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரலாற்று இடங்களுக்கென்று ஒரு தேசியப் பதிவேடு இருக்கிறது. அதில் கோட்டை, மாளிகை மட்டும் இல்லை, ஒரு தெரு முழுவதையும் சேர்க்கலாம். பொதுவாக ஐம்பது வருடம் கடந்திருக்க வேண்டும், வரலாற்று முக்கியத்துவமும் பழைய குணமும் இருக்க வேண்டும். மகள் அந்தப் படிவங்களை இணையத்தில் எடுத்துக் காட்டினாள், இரண்டு இரவு இருந்து வாசித்தேன். வீடு வீடாகப் போகிறார்கள். எத்தனை தட்டு, சுவர் எதனால் ஆனது, எந்த யன்னல் பழையது, எந்தக் கூரை பின்னால் மாற்றியது, பின்பக்கக் குசினி எப்போது ஒட்டியது, இந்த வீடு தெருவின் பழைய குணத்துக்குச் சேர்கிறதா சேரவில்லையா, எல்லாம் எழுதிப் படமும் வரைபடமும் இணைத்திருக்கிறார்கள். சின்ன சாமான் அறையைக்கூட விடவில்லை. என் தொழிலுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த காகிதத்தை நான் முன்பு கண்டதில்லை.

சரி, காணி? இங்கேதான் டைக் வீதி ஐயாவின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அந்தத் தேசியப் பதிவேட்டில் ஏறியதால் யாருடைய உறுதியும் மாறுவதில்லை. சொந்தக்காரர் விரும்பினால் பெயின்ற் மாற்றலாம், அறை கட்டலாம், சொந்தக் காசில் இடிக்கவும் செய்யலாம். சில நகரங்கள் தங்கள் பாட்டில் கூடுதல் விதி வைப்பது உண்டு, பதிவேடு அப்படி எதையும் கேட்பதில்லை. மத்திய அரசின் பணத்திலோ அனுமதியிலோ ஒரு வேலை நடந்தால் மட்டும் அதனால் இந்தக் கட்டடத்துக்கு என்ன பாதிப்பு என்று அரசு முதலில் பார்த்தாக வேண்டும். அதாவது சட்டம் கட்டிப்போடுவது அரசின் கையை. 1980இல் சட்டத்தைத் திருத்தியபோது இன்னொன்றும் சேர்த்தார்கள்: தனியார் சொந்தக்காரர் எழுத்தில் மறுத்தால் அவர் கட்டடத்தைப் பதிய முடியாது, வட்டாரமென்றால் சொந்தக்காரரில் பாதிக்கு மேல் மறுத்தால் பதிய முடியாது. பதிந்த கட்டடத்தை முறையாகத் திருத்தி கடையாகவோ விடுதியாகவோ நடத்துகிறவருக்கு, திருத்தச் செலவில் 20 வீதத்தை மத்திய வருமான வரியில் கழித்துக்கொள்கிறார்கள்.

அதே கவுண்டியின் தலைநகர் மார்லின்ரனில் 1901இல் கட்டிய மர ரயில் நிலையம் ஒன்று இருந்தது. ரயில் ஓடுவது 1970களின் கடைசியில் நின்றது, பாதையைப் பிடுங்கிக் காணியாக விற்காமல் ஆற்றோரமாக ஏறத்தாழ 125 கிலோமீற்றர் நடைபாதையாக வைத்துக்கொண்டார்கள். 1985இல் ஆறு பெருகி ஊரை மூழ்கடித்தது. 2008இல் அந்த ரயில் நிலையம் தீப்பிடித்து எரிந்தே போனது. பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டிவிட்டார்கள். அளவும் படமும் கையில் இல்லாத ஒரு ஊர் அதைச் செய்ய முடியுமா என்று நினைத்துப் பாருங்கள். நாம் யுத்தம் கண்ட ஊர், 2004இல் கடல் உள்ளே வந்த ஊர், நம்மிடம் எத்தனை கட்டடத்தின் அளவு இருக்கிறது?

பக்கத்தில் ஹில்ஸ்பரோ என்ற சிற்றூரில், 1938இல் இலக்கிய நோபல் பெற்ற பேர்ள் பக் பிறந்த வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அவருடைய தாய்வழி ஆட்கள் ஒல்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று அங்கே சொன்னார்கள். ஒல்லாந்தர் என்றதும் எனக்கு நம் பிரெட்றிக் கோட்டையும் உட்துறைமுகப் பக்கத்து அருங்காட்சியகக் கட்டடமும்தான் கண்ணில் வந்தன.

நம் நாட்டில் தொல்பொருட் சட்டம் 1940இல் வந்தது. 1815 மார்ச் 2க்கு முற்பட்ட கட்டடமென்றால் அது தானாகவே புராதனச் சின்னம், அதற்குப் பிற்பட்டதைத் தனியே வர்த்தமானியில் போட்டால்தான் பாதுகாப்பு. ஆகவே 1624இல் போர்த்துக்கேயர் கட்டி, பின்னர் ஒல்லாந்தர் கைக்குப் போன அந்தக் கோட்டைக்குக் காவல் உண்டு. கோட்டை வாசலில் குளக்கோட்டன் என்ற அரசனின் பெயர் சொல்லும் கல்லுக்கும் உண்டு, அது நம் மனதிலும் பத்திரமாக இருக்கிறது. ஆனால் நூறு, நூற்றிருபது வருடத்துக்கு முன் நம் சொந்தப் பாட்டன்மார் கட்டின வீடுகள்? டைக் வீதி, மத்திய வீதி, திருஞானசம்பந்தர் வீதி, உவர்மலையின் பழைய அரசாங்க விடுதிகள்? தனித்தனியே பார்த்தால் காஸ் ஊர் வீடு போலத்தான், பெரிய விசேஷம் இல்லை. ஆனால் கடற்கரையிலிருந்து உள்ளே வரும் அந்தத் தெருக்கள், கோவில், தேவாலயம், பள்ளிவாசல், முன்விறாந்தை வைத்த ஓட்டு வீடு என்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதைப் பாருங்கள், வேறு எந்த ஊரிலும் இதே மாதிரிக் கிடையாது.

அந்த இடித்த வீட்டைப் பற்றி நான் கண்டதைச் சொல்லிவிடுகிறேன், வேறெங்கும் அது எழுதப்படவில்லை. நடுமுற்றத்தைச் சுற்றி எட்டு மரத்தூண், ஒவ்வொன்றின் அடியிலும் கறையான் ஏறாமல் இருக்கக் கருங்கல். நாலு கூரைத் தண்ணீரும் பீலியால் வந்து முற்றத்துத் தொட்டியில் விழும். அறைக் கதவுகளுக்கு மேலே காற்றுக்காகப் பூவேலை வெட்டிய பலகை, உச்சி வெயிலிலும் உள்ளே மின்விசிறி தேடாது. ஓட்டைப் புரட்டினால் அடியில் கள்ளிக்கோட்டைச் சூளையின் பெயர். சுவர் பழைய சுண்ணாம்புச் சாந்து. கடல் உப்பு ஏறும் ஊரில் அந்தச் சாந்து ஈரத்தை உள்ளே வாங்கினாலும் வெளியே விட்டுவிடும். இடையில் யாரோ அதன்மேல் சீமெந்து பூசியிருந்தார்கள். அப்படிப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே நின்று உப்பாய்ப் பூத்து, பூச்சைத் தள்ளிக்கொண்டு சுவரையும் தின்னும். "பழைய வீடு பழுது" என்று நாம் சொல்வதில் பாதி, பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் நாமே பூசிய சீமெந்தால் வந்தது. இதை நான் சொன்னபோது வீட்டுக்கார ஐயா சுவரில் கையை வைத்துக்கொண்டு கனநேரம் நின்றார்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. நகரத்துச் சபை ஒரு கட்டடத்தை இடிக்க அனுமதி கொடுக்கும் முன், அது ஐம்பது வருடத்துக்கு மேற்பட்டதென்றால், அளவும் படமும் எடுத்துச் சபையில் ஒரு பிரதி வைக்கட்டும். தடை வேண்டாம், தாமதமும் ஒரு கிழமைக்கு மேல் வேண்டாம். பழைய முன்விறாந்தையைக் காப்பாற்றிக்கொண்டு திருத்துகிறவருக்குச் சபைக்குக் கட்டும் சோலைவரியில் ஏதாவது சலுகை கொடுக்கட்டும். பட்டியலை எழுதுகிறவர்கள் அந்தத் தெருவில் இருக்கிற தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவருமாக இருக்கட்டும், சொந்தக்காரர் வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டை விட்டுவிடட்டும். கொழும்பிலிருந்து யாரும் வரத் தேவையில்லை. உறுதியை யாரும் கேட்கக் கூடாது, காணி அளவு அந்தப் பட்டியலில் வரவே கூடாது. வெளிநாட்டில் இருக்கும் பங்காளிகளும் இதை வாசிப்பார்கள் என்று நம்புகிறேன். விற்பது உங்கள் உரிமை, விற்க முன் அம்மம்மா வீட்டின் ஒரு படத்தையாவது ஊருக்குத் தந்துவிட்டுப் போங்கள்.

என் மேசை லாச்சியில் பதினொரு வீட்டின் அளவு இருக்கிறது, காசு வாங்காமல் கீறியவை. அதில் ஐந்து வீடு இப்போது இல்லை. பன்னிரண்டாவது வீட்டுக்காரர் நேற்று ஓம் என்று சொல்லிவிட்டார், தை மாதம் இடிக்கப் போகிறார்கள். வருகிற ஞாயிறு காலை ஆறரைக்கு வெயில் ஏற முன் தொடங்குவேன். உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் அளவுநாடா பிடிக்க வந்தால் மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம்.

இங்ஙனம்,
படவரைஞர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.