கலப்பு வேறு, மரபணு மாற்றம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை வேளாண் இணைப்பில் 'கடுகை அயல் இனச் செடிகளோடு கலப்பதும் மரபணு மாற்றம்தான்' என்று ஒரு வரி வந்திருக்கிறது. 28 ஆண்டுகள் பள்ளியில் தாவரவியல் நடத்தியவள் நான். அந்த வரியை என்னால் கடந்துபோக முடியவில்லை. மறுநாள் காலையிலேயே பக்கத்து வீட்டுப் பெண், என்னிடம் படித்தவள்தான், பத்திரிகையும் கையுமாக வந்து, "டீச்சர், இனி வெள்ளரிக்காய் கிச்சடிக்குக் கடுகு அரைக்கலாமா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லிவிட்டேன். தங்கள் வாசகர்கள் எல்லோருக்கும் யார் பதில் சொல்வது?

இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் கடுகே இரண்டு இனங்கள் கலந்து பிறந்தது என்பது தாங்கள் அறியாததல்ல. டர்னிப் இனத்தில் 10 ஜோடி குரோமோசோம்கள் (மரபணுக்களைத் தாங்கும் இழைகள்), கருங்கடுகில் 8 ஜோடி. இரண்டும் சேர்ந்த நமது கடுகில் 18 ஜோடி. ஆய்வகம் என்ற சொல்லே இல்லாத காலத்தில் வயலோரத்தில் தானாக நடந்த கலப்பு அது. முட்டைக்கோஸையும் சேர்த்து இந்த உறவுமுறையை ஒரு முக்கோணமாக வரைந்து காட்டியவர் ஜப்பானில் வாழ்ந்த கொரிய வம்சாவளி அறிஞர் வூ ஜாங் சுன். ஆண்டு 1935.

அந்தப் பாடத்தை நான் கரும்பலகையோடு நிறுத்தியதில்லை. பள்ளிக் கிணற்றடியில் தொட்டிகளில் கடுகு விதைத்தோம். சந்தையில் வாங்கிய முள்ளங்கியின் தலையை நட்டுப் பூக்க வைத்தோம். விரியப்போகும் கடுகு மொட்டை மாலையில் மெல்லத் திறந்தால் உள்ளே ஆறு மகரந்தத்தாள்கள், நான்கு நெட்டை, இரண்டு குட்டை. இடுக்கியால் ஆறையும் கிள்ளி எடுத்து, காகித உறை மாட்டி, காலையில் முள்ளங்கியின் மகரந்தத்தைப் பூவின் சூல்முடியில், அதாவது பெண் உறுப்பின் நுனியில், தடவுவோம். சில காய்கள் நீளத் தொடங்கும். பிள்ளைகள் தினமும் ஓடிவந்து பார்ப்பார்கள். பத்தே நாளில் சுருங்கி உதிர்ந்துவிடும். ஒரு விதைகூட எங்களுக்குக் கிடைத்ததில்லை. ஆராய்ச்சி நிலையங்களில் அந்தக் கரு சாவதற்கு முன்பே அதை எடுத்துக் குழாயில் ஊட்டம் கொடுத்து வளர்க்கிறார்கள். முளைத்தது மலடாக இருந்தால் கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்துக் குரோமோசோம்களை இரட்டிப்பாக்குகிறார்கள். நம் வேலியோரச் செங்காந்தள் விதையில் இருக்கிற அதே பொருள்தான். பிறகு கடுகோடு மீண்டும் மீண்டும் கலந்து, வேண்டிய குணத்தை மட்டும் நிறுத்திக்கொள்ள ஆண்டுகள் ஆகும். கடுகுப் பூங்கொத்தில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பிவிட்டால் மகசூல் போயிற்று. அதைத் தாங்கும் குணத்தை ஒரு காட்டு உறவுச் செடியிலிருந்து பஞ்சாபில் இப்படித்தான் கடுகுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் இந்த உழைப்பை ஒரே வரியில் பழிப்பது நியாயமா?

டி.எம்.எச்.11 என்ற கடுகு வேறு கதை. மரபணு மாற்றம் என்பது அதுதான். பாக்டீரியாவின் மரபணுக்களைச் சேர்த்து டெல்லிப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. 2022 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அந்த அனுமதி செல்லுமா என்பதில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள். அதைப் பற்றித் தாங்கள் எவ்வளவு கடுமையாக எழுதினாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இரண்டையும் ஒரே சாக்கில் கட்டாதீர்கள். கோயம்புத்தூரில் கரும்பையும் காட்டுக் கரும்பையும் கலந்து கோ 205 ரகத்தை உருவாக்கி நூறாண்டு தாண்டிவிட்டது. அதையும் மரபணு மாற்றம் என்பீர்களா?

இது முதல் முறையும் அல்ல. 2023-இல் எங்கள் மட்டி வாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது தாங்கள் அச்சிட்டது பாளையங்கோடன் என்ற வேறொரு வாழையின் குலைப் படம். குமரி மாவட்டத்தில் எந்தச் சிறுவனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். அன்று நான் எழுதிய கடிதம் நான்கு வரியாகச் சுருங்கி வந்தது, தவறு என்ன என்ற பகுதியே அதில் இல்லை. அதற்கு முன்பு தென்னை வேர்வாடல் நோயைப் பற்றி எழுதிய இரண்டு கடிதங்களுக்குப் பதிலே இல்லை. முப்பது ஆண்டுகளாகச் சந்தா கட்டும் வீடு இது. என் கணவர் இருந்தவரை வேளாண் இணைப்பை வெட்டி ஒட்டி வைப்பார். அந்த நோட்டுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பாடம் நடத்தியிருக்கிறேன். தங்கள் பத்திரிகையில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று வகுப்பில் சொன்னவள் நான். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

வரும் சனிக்கிழமை இணைப்பில், அந்த வரி வந்த அதே பக்கத்தில், இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். கடிதத்தை வெட்டுவதானால் முக்கோணத்தையும் முள்ளங்கியையும் வெட்டிக்கொள்ளுங்கள், திருத்தத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.