இரண்டு டிஸ்க் வாங்கப்போகும் மகளுக்கு

பழையபேட்டை, கிருஷ்ணகிரி
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். இரண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்கை ரெய்டு 0-வில் (பல டிஸ்கை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு முறைகளில் ஒன்று) சேர்த்து 8 டிபியாக வைத்துக்கொள்ளலாமா என்று நீ போனில் கேட்டபோது ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆள் காத்திருந்தது. அவசரத்தில் பதில் சொல்ல மனசு வரவில்லை.

ரெய்டு 0 வேண்டாம்மா. ஃபைலைத் துண்டு போட்டு இரண்டு டிஸ்கிலும் மாற்றி மாற்றி எழுதுவதால் வேகம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் ஒன்று படுத்துவிட்டால் இன்னொன்றில் மிஞ்சும் துண்டுகள் எதற்கும் ஆகாது. எடிட்டிங் வேகத்துக்குத் தனியாக ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க், போட்டுக்கொள். டிஸ்க் இரண்டையும் ரெய்டு 1, அதாவது ஒன்றில் எழுதுவதையே மற்றதிலும் எழுதும் மிரர் போடு. 4 டிபிதான் கிடைக்கும். ஒன்று போனாலும் இன்னொன்றில் எல்லாம் அப்படியே இருக்கும்.

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் பயாஸுக்கு (மெஷின் ஆன் ஆகும்போது வரும் அடிப்படை செட்டிங்) போய், டிஸ்க் இயங்கும் முறையை ஏஹெச்சிஐ-யிலிருந்து ரெய்டு என்று மாற்றாதே. விண்டோஸ் பூட் ஆகாமல் நின்றுவிடலாம். விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ஸ்டோரேஜ் ஸ்பேசஸிலேயே டூ-வே மிரர், அதாவது இரண்டு பிரதி வைக்கும் மிரர், போடலாம். சேர்க்கும்போது டிஸ்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் காப்பி எடுத்துக்கொள்.

டிஸ்கை மாட்டும் முன் சீரியல் நம்பரின் கடைசி நாலு எழுத்தை வெள்ளை டேப்பில் எழுதி, கேபிள் செருகும் பக்கமாக ஒட்டு. பெட்டியைத் திறந்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். கெட்டதை விட்டு நல்லதைக் கழற்றிவிடக் கூடாது. மிரர் போட்டதும் பத்துப் படத்தை ஏற்றி, மெஷினை ஆஃப் செய்து, ஒரு டிஸ்கின் கேபிளை உருவிவிட்டு ஆன் பண்ணிப் பார். படம் திறந்தால்தான் நம்பு.

இனிச் சொல்வதுதான் முக்கியம். மாசி மாதம் காவேரிப்பட்டணத்துக் கல்யாண ஃபோல்டரை, டெலிவரி கொடுத்த பழைய வேலை என்று நினைத்து ரீசைக்கிள் பின்னுக்கும் போகாமல் அழிக்கும் ஷிஃப்ட் டெலிட் அடித்துவிட்டேன். ஸ்டுடியோ மெஷினிலும் மிரர் என்பதால் இரண்டு டிஸ்கிலும் அந்த நிமிஷமே போய்விட்டது. பங்குனியில் அந்தக் கல்யாணப் பொண்ணு வந்து நின்றாள். அவளுடைய அப்பா தவறிவிட்டாராம். "ஆல்பத்துல சேர்க்காம விட்டோமே, அவர் சிரிச்ச மாதிரி ஒண்ணு, அது வேணும் அண்ணா" என்றாள். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

மாதம் ஒருமுறை நான் காப்பி எடுத்துக் கொடுக்கும் மூன்றாவது டிஸ்க், உன் அம்மா பீரோவில் புடவைக்கு அடியில் இருந்தது. அதில் கிடைத்தது அந்தப் படம். பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

அதனால் உனக்கும் மூன்றாவது டிஸ்க் ஒன்று வேண்டும், மெஷினில் மாட்டாமல் தனியாக. அதை நான் வாங்கி வைக்கிறேன். வைகாசியில் மாம்பழத்துக்கு வருவாய் அல்லவா, உன் படங்களைக் கொண்டு வா. காப்பி எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிடலாம். பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா