தென்பசாரிலிருந்து அம்மாவுக்கு

தென்பசார், பாலி
10-4-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் பாதி விஷயம் விட்டுப்போகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பணக் கணக்கு. நம் ஒரு ரூபாய்க்கு இங்கே ஏறக்குறைய 190 ரூபியா. அறை வாடகை மாதம் 20 லட்சம் என்றதும் பயந்துவிடாதே, நம் பணத்தில் பத்தாயிரத்து ஐந்நூறுதான். அரிசி கிலோ 15,000, குடிதண்ணீர் 19 லிட்டர் கேன் 20,000. கரண்டுக்கு முன்பணம் கட்டி எண் வாங்கி மீட்டரில் அழுத்த வேண்டும். தீரப்போகிறது என்றால் மீட்டர் கீச்கீச்சென்று கத்தும். துவரம்பருப்பு சுலபமாகக் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை அதிகம். அதனால் வாரத்துக்கு இரண்டு நாள்தான் சாம்பார். மற்ற நாள் தெம்பே என்ற புளிக்கவைத்த சோயாக் கட்டியை வறுத்துக்கொள்கிறோம். அவருக்கு அது பிடித்துவிட்டது.

சாமி இல்லாத ஊரில் எப்படி இருக்கப்போகிறாய் என்று கேட்டாயே, அம்மா, இங்கே வாசலுக்கு வாசல் சாமிதான். வீட்டுக்கார அம்மா காலையில் சோறு வடித்ததும் வாழை இலைத் துண்டுகளில் துளித்துளியாக எடுத்து அடுப்பு, கிணறு, வாசல் என்று வைத்துவிட்டுத்தான் யாருக்கும் பரிமாறுவார். நீ காக்கைக்கு வைப்பதுதான் நினைவுக்கு வந்தது.

அப்புறம் ‘சானாங்’ என்ற படையல். குருத்தோலையில் உள்ளங்கை அளவு தட்டு செய்து, அடியில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு வைப்பார்கள். மேலே கிழக்கே வெள்ளைப் பூ, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலமோ பச்சையோ. ஊதுபத்தி கொளுத்தி, பூவால் தண்ணீர் தெளித்து வாசலில் தரையிலேயே வைக்கிறார்கள். ஓலையை மூங்கில் ஈர்க்கால் கோத்துத் தைக்க வேண்டும். உன்னிடம் தையல் இலை தைக்கக் கற்றுக்கொண்ட கையாயிற்றே, மூன்றாவதே சரியாக வந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா கையைத் தட்டிச் சிரித்தார்.

எல்லாமே நம்மைப் போல என்று நினைத்துவிடாதே. கோயிலில் சிலைக்குப் பதில் வெறும் கல் ஆசனம் இருக்கிறது, கடவுள் வந்து அமர்வதற்கு. கும்பிட்டு முடித்ததும் நனைத்த அரிசியை நெற்றியில் ஒட்டிக்கொள்கிறார்கள். என் பொட்டுக்கு மேலேயும் ஒட்டிவிட்டார்கள். மாட்டிறைச்சியைப் பலர் தொடுவதில்லை, ஆனால் பண்டிகை என்றால் பன்றி கட்டாயம். எனக்கு அந்த வாசனை இன்னும் பழகவில்லை, அன்றைக்கு வெளியே போய்விடுவேன். ஆனால் சரஸ்வதி நாளும் உண்டு, புத்தகங்களை வைத்துக் கும்பிடுவார்கள். இரும்புச் சாமான்களுக்கு இன்னொரு நாள், பிப்ரவரியில் வந்தது. நம் ஆயுத பூஜை போலவே ஸ்கூட்டருக்கெல்லாம் குருத்தோலை கட்டினார்கள்.

மார்ச் 29 அன்று ‘ஞெபி’, இவர்களுடைய சக ஆண்டுக் கணக்கில் 1947-ஆம் வருஷப் பிறப்பு. காலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை யாரும் தெருவில் இறங்கக்கூடாது, விளக்கு கூடாது, விமான நிலையமே மூடிவிடுவார்கள். செல்போனில் நெட்டும் கிடையாது. முதல் நாளே சமைத்து வைத்துக்கொண்டோம். அன்று மட்டும் சாயங்காலம் விளக்கேற்றவில்லை அம்மா, கோபித்துக்கொள்ளாதே. இருட்டில் கைகூப்பி உட்கார்ந்தோம். நாய் குரைப்பது தவிரச் சத்தமே இல்லை. நான் அவ்வளவு நட்சத்திரம் பார்த்தது சின்ன வயதில் நம் மாடியில் படுத்தபோதுதான்.

23-ஆம் தேதி கலுங்கன், அதர்மத்தைத் தர்மம் வென்றதைக் கொண்டாடும் பண்டிகை. அதற்குள் குருத்தோலை விலை ஏற ஆரம்பித்துவிட்டது. பூ, ஓலை, பழம் என்று வீட்டுக்கார அம்மாவுக்கு மாதச் செலவில் பெரும்பங்கு இதிலேயே போகிறது. இவ்வளவு எதற்கு என்று முதலில் எனக்குத் தோன்றியது உண்மை. ஆனால் ஒரு நாளும் அவர் அதைச் செலவு என்று சொல்லிக் கேட்டதில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

நாளை விடியற்காலை நாலு மணிக்குச் சந்தைக்குக் கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறார். அலாரம் வைத்துப் படுக்கப் போகிறேன். யாராவது இந்தப் பக்கம் வந்தால் பஞ்சுத் திரியும் கொஞ்சம் பெருங்காயமும் கொடுத்தனுப்பு.

அப்பாவிடம் மறக்காமல் மாத்திரை சாப்பிடச் சொல்.

உன் அன்பு மகள்