ஐஸ் ஆலை மோட்டார் மாற்றும் பணி: நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கடலூர் முதுநகரில் உள்ள நம் ஐஸ் ஆலையின் மோட்டார் வேலை இந்த மீன்பிடித் தடைக்காலத்துக்குள் முடிந்துவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாளை விட்டால் ஆலையை முழுதாக நிறுத்த நமக்கு வேறு வழியில்லை. வரவு செலவுக் கணக்கு தனித்தாளில் இருக்கிறது. எதற்கு எந்தப் பொருளை, ஏன் போட்டோம் என்பதை இங்கே சொல்கிறோம். "எல்லாவற்றையும் எவர்சில்வரிலேயே வாங்கியிருக்கலாமே" என்று பலரும் கேட்டீர்கள்.

நம் மோட்டார்களுக்கு எதிரி இரண்டு. ஐஸ் உறைய வைக்கும் தொட்டிப் பக்கம் உப்புநீர், கம்ப்ரசர் அறையில் குளிரூட்டப் பயன்படும் அம்மோனியா வாயு. ஒன்றுக்குப் பொருந்துவது இன்னொன்றுக்குப் பொருந்தாது.

தொட்டி மேல் நின்று உப்புநீரைக் கலக்கும் மோட்டார்களுக்கு மட்டும்தான் 316 ரக எவர்சில்வர் உடல் வாங்கினோம். 304 ரகம் விலை குறைவு, ஆனால் உப்பில் உள்ள குளோரைடு அதில் பொடிப்பொடியாகக் குழி போட்டுவிடும். 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்திருப்பதால் அது நன்றாகத் தாங்கும். பழைய அலுமினிய மோட்டார்களைக் கழற்றியபோது எவர்சில்வர் போல்ட் இறங்கிய இடத்தைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. இரண்டு உலோகம் தொடும் இடத்தில் உப்புத் தண்ணீர் நின்றால் இரண்டில் எளிதில் அரிக்கும் உலோகம்தான் கரையும், இங்கே அது அலுமினியம். அதனால் விசிறியையும் அலுமினியத்தில் வாங்காமல் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் வாங்கினோம்.

கம்ப்ரசர் அறையில் எவர்சில்வருக்குச் செலவழிப்பது வீண். அம்மோனியாவுக்கு இரும்பு நன்றாகவே தாங்கும். ஈரத்தோடு சேர்ந்தால் அம்மோனியா தின்பது செம்பையும் பித்தளையையும். மின்கம்பிகளை இணைக்கும் பழைய டெர்மினல் பாக்ஸைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பித்தளை முனைகள் நீலப்பச்சை பூத்துக் கிடந்தன, ஒன்று கை பட்டதும் விரிசலோடு உடைந்தது. வார்ப்பிரும்பு உடல் நல்ல நிலையில் இருந்ததால் அதையே வைத்துக்கொண்டு, சுரண்டி எப்பாக்ஸி பூசி, உள்ளே உள்ள காயிலை (கம்பிச் சுற்றை) மட்டும் புதிதாகக் கட்டினோம். வார்னிஷை மேலாகப் பூசாமல், வெற்றிடத்தில் காற்றை உறிஞ்சிவிட்டு அழுத்தத்தில் ஏற்றும் முறையில் செய்யச் சொன்னோம். கம்பிகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் வார்னிஷ் நிரம்பினால்தான் ஈரமும் வாயுவும் உள்ளே போகாது. கேபிள் முனையில் மாட்டும் லக்குகள் வெள்ளீயம் பூசியவை, கேபிள் உள்ளே நுழையும் இடத்தை இறுக்கும் கிளாண்டுகள் எவர்சில்வர். மூடிக்கு வைட்டான் ரப்பர் கேஸ்கட்தான் உயர்ந்தது என்று கடைக்காரர் வற்புறுத்தினார். சூட்டுக்கும் எண்ணெய்க்கும் அது உயர்ந்ததுதான், அம்மோனியாவுக்கு ஆகாது. அதனால் நியோப்ரீன் ரப்பர் போட்டிருக்கிறோம்.

அப்புறம், ஐபி 66 என்ற முத்திரை. தூசி புகாது, வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரும் புகாது என்பதுதான் அதற்கு அர்த்தம். துருப்பிடிக்காது என்று அது சொல்லவில்லை. உள்ளேயே ஊறும் தண்ணீரையும் அது தடுக்காது. ஓடிச் சூடான மோட்டார் நின்று ஆறும்போது வெளிக்காற்றை உள்ளிழுக்கும், பக்கத்தில் இருப்பதோ பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்த தொட்டி. உள்ளே வந்த ஈரம் காயிலின் மேலேயே வியர்த்து நிற்கும். நம்மிடம் எரிந்த மோட்டார்களில் பாதிக்கு மேல் ஓடும்போது எரியவில்லை, நின்று கிடந்து மறுபடி போட்டபோதுதான் எரிந்தன. அதனால் ஒவ்வொரு மோட்டாரிலும் நிற்கும்போது மட்டும் எரியும் சிறு ஹீட்டர் வைத்து, அடிப்பகுதியில் வடிகால் துளையும் விட்டிருக்கிறோம். ஹீட்டருக்குத் தனி மின் இணைப்பு இருப்பதால், மெயின் சுவிட்சை அணைத்தாலும் உள்ளே மின்சாரம் இருக்கும். மூடியைத் திறக்கும் முன் இரண்டையும் அணைக்க வேண்டும்.

மழைக்குப் பயந்து மோட்டார் மேல் சாக்கும் பிளாஸ்டிக் தாளும் சுற்றும் பழக்கத்தை இனி விட்டுவிட வேண்டுகிறோம். அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிறது, காற்றையும் அடைக்கிறது. வடிகால் துளையில் யாரும் பெயிண்ட் அடிக்க வேண்டாம்.

ஒப்படைக்கும் முன் எல்லா மோட்டாரையும் 500 வோல்ட் மெக்கரில் (மின்கசிவுத் தடுப்பை அளக்கும் கருவி) சோதித்தோம். இந்த வகைக்குக் குறைந்தபட்சம் 5 மெகாஓம் வேண்டும், எல்லாமே அதற்கு வெகு மேலே நின்றன. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் பின்பும் மறுபடி பார்ப்போம். பதிவேடு ஆலை அலுவலகத்தில் இருக்கிறது, உறுப்பினர் யாரும் வந்து பார்க்கலாம்.

பணிக்குழு