வீட்டைக் காலி பண்ண கை குடுத்த எல்லாருக்கும் ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூர்ல செந்தூல் வீட்டை வித்துட்டு ஜாலான் ஈப்போ பக்கம் அபார்ட்மெண்ட்டுக்கு வந்துட்டேன்னு பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு இப்ப சொல்லிக்கறேன். ரெண்டு மாடி வீடு, நாலு ரூம், படிக்கட்டுக்கு அடியில ஒரு ஸ்டோர், பின்னாடி கூரை இழுத்துக் கட்டுன சமையக்கட்டு, இத்தனையிலயும் அடைஞ்சு கிடந்த சாமானை ரெண்டு ரூமுக்குள்ள அடக்கணும், முட்டி வலியோட இந்த வயசுல நான் ஒருத்தியா செஞ்சிருக்கவே முடியாது. போன் போட்டு தனித்தனியா நன்றி சொன்னா கண்டிப்பா யாராவது விட்டுப் போயிருவாங்க, அப்புறம் "டீச்சர் எங்கள மறந்துட்டாங்க"ன்னு ஒரு பேச்சு வரும், அதான் எல்லாருக்கும் சேர்த்து எழுதிடறேன்.

மொதல்ல என் மருமகளுக்கு. நான் பெத்ததுங்க ரெண்டும் "தூக்கிப் போடுங்கம்மா, எதுக்கு இதெல்லாம்"னு சொன்னாங்க, சொல்லிட்டு அவங்க அவங்க வேலையப் பாக்கப் போயிட்டாங்க. தூக்கிப் போடுன்னா எனக்குக் கை வராது. மருமக என்ன பண்ணா தெரியுமா, வேணுமா வேணாமான்னு ஒரு தடவை கூட கேக்கல. ஒவ்வொண்ணா கையில எடுத்து "அத்தை, இது யாருக்குப் போகணும்?"னு கேட்டா. அவ்வளவுதான். ஒரு ஆள் மனசுல வந்துட்டா சட்டுனு குடுத்துடுவேன், வரலன்னா அவ பேசாம அதை இருந்த இடத்துலயே வெச்சுட்டு அடுத்த வாரம் வந்து திரும்பவும் கேப்பா, கொஞ்சம் கூட சலிச்சுக்க மாட்டா. ஸ்டோர்ல மட்டும் மைலோ டின், பிஸ்கட் டின், ஐஸ்கிரீம் டப்பான்னு தீபாவளிப் பலகாரம் போட்டு வெக்கறதுக்குன்னு நான் சேர்த்தது மலையா கிடந்துச்சு, வருஷா வருஷம் பலகாரம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, டப்பா மட்டும் ஏறிக்கிட்டே போச்சு. அதைப் பார்த்தும் அவ சிரிக்கல பாருங்க, அதுக்கே தனியா நன்றி சொல்லணும்.

அடுத்து பேப்பர் லாமா, அதாவது பழைய பேப்பர் வாங்கற லோரி அங்கிள். "சூராட் கபார் லாமா"ன்னு ஸ்பீக்கர்ல கத்திக்கிட்டு வருவாரே, அந்த சீன அங்கிள்தான். நிறுத்துக் காசைக் குடுத்துட்டுப் போறவர்தானேன்னு நெனச்சேன். ஒரு கட்டைத் தூக்கினவரு அதை லோரியில போடாம கீழ வெச்சுட்டு, இதுல கையெழுத்து இருக்கு சிகு (டீச்சர்), பார்த்துட்டுக் குடுங்கன்னு மலாய்ல சொன்னாரு. பிரிச்சுப் பார்த்தா எங்க வீட்டுக்காரரோட கணக்கு நோட்டு. மனுசன் செந்தூல் ரயில்வே பட்டறையில வேலை பார்த்தவரு, சம்பளம் வாங்கின அன்னிக்கே உக்காந்து எழுதுவாரு. மீன் இவ்வளவு, பால்மாவு இவ்வளவு, சைக்கிள் டியூப், அம்மாவுக்கு அனுப்பினது, இப்படி வரிசையா நீல மையில. ஒரு பக்கத்துல கடைசியில பென்சில்ல "டீச்சர்கிட்ட கைமாத்து 10 வெள்ளி"ன்னு இருக்கு. வீட்டுல என்னை டீச்சர்னுதான் கூப்பிடுவாரு. அந்தப் பத்து வெள்ளி, அதாவது பத்து ரிங்கிட், இன்னிய வரைக்கும் திரும்பி வரல, இப்ப எழுத்துலயே ஆதாரம் கிடைச்சிருச்சு. அந்த அங்கிள் கவனிக்காம ஏத்தியிருந்தா இந்த நோட்டு எந்த ஃபேக்டரியில கூழாகியிருக்குமோ.

பேப்பர்னு சொன்னதும் இன்னொண்ணு. தமிழ் நேசன் ஞாயிறு பதிப்பும் வெட்டி ஒட்டுன பக்கங்களுமா ஒரு பெட்டி நிறைய வெச்சிருந்தேன், பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குக் காட்டறதுக்கு எடுத்து வெச்சது. 1924ல நரசிம்ம ஐயங்கார் ஆரம்பிச்ச பேப்பர், 2019ல நின்னே போச்சு, இனிமே புதுசா ஒரு பக்கம் வராதுன்னு தெரிஞ்சப்புறம் அதை எப்படி எடைக்குப் போடறது. என் பழைய மாணவி ஒருத்தி மலாயா பல்கலைக்கழகத்துல இந்திய ஆய்வியல் படிக்கறா, கேள்விப்பட்டு வந்து தரையில உக்காந்து பூச்சி அரிச்சது எது அரிக்காதது எதுன்னு பிரிச்சு, தேதி போட்டு அடுக்கி எடுத்துக்கிட்டா. தூசியில தும்மிக்கிட்டே வேலை பார்த்தா பாவம். மா, உனக்கும் உன்கூட வந்து பெட்டி தூக்கின தம்பிக்கும் நன்றி, அந்தத் தம்பி யாருன்னு நான் கேக்கல, நீயா ஒருநாள் சொல்லுவ.

சாமி படம். இதை இழுத்து எழுதணும், ஏன்னா வீட்டைச் சின்னதாக்கற நம்ம ஆளுங்க எல்லாரும் வந்து முட்டிக்கிற இடம் இதுதான். கல்யாணத்துக்கு வந்தது, புதுமனைக்கு வந்தது, தைப்பூசத்துக்கு பத்துமலை போறப்பல்லாம் வாங்கினது, காலண்டர்ல வந்தது, கிழிக்க மனசு வராம சட்டம் போட்டு மாட்டினது, மாமியார் விட்டுட்டுப் போனது. புது வீட்டு சாமி மேடையில நாலு படம் வெச்சா அஞ்சாவதுக்கு இடமில்ல. நிறைய பேரு ராத்திரியோட ராத்திரியா கொண்டு போய் அரச மரத்தடியில வெச்சுட்டு வந்துடறாங்க, மழையில நனைஞ்சு கண்ணாடி உடைஞ்சு கிடக்கும், அதைப் பாக்கறதுக்கு எனக்கு எப்பவுமே பிடிக்காது. எங்க தாமான் (குடியிருப்பு) கோயில் குருக்கள்கிட்ட போய் கேட்டேன். சட்டத்தையும் கண்ணாடியையும் கழட்டிட்டு படத்தை மட்டும் கொண்டு வாங்கம்மா, ஒரு தீபம் காட்டிட்டு அடுத்த ஹோமத்துல அக்னியில சேர்த்துடலாம், கோயில் வாசல்ல மட்டும் யாரும் வெச்சுட்டுப் போகாதீங்கன்னாரு. அப்புறம் நானும் மருமகளும் பின்கட்டுல உக்காந்து ஒவ்வொரு சட்டத்துக்கும் பின்னாடி துருப்பிடிச்ச சின்ன ஆணியா பிடுங்கி எடுத்தோம். ஒரு முருகன் படத்துக்குப் பின்னால அட்டைக்குப் பதிலா பழைய பால்மாவு டப்பா அட்டைய வெச்சு அடைச்சிருந்தான் அந்த சட்டம் போட்டவன்! குருக்களையா, நீங்க முகம் சுளிக்காம வாங்கிக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி. பெரிய குத்துவிளக்கையும் அண்டாவையும் கோயில் மடப்பள்ளிக்கே குடுத்தாச்சு, அந்த அண்டா நம்ம தாமான்ல எத்தனை கல்யாணத்துக்கு இரவல் போயிட்டு வந்துச்சு, இனிமே அன்னதானத்துக்கு சாம்பார் கொதிக்கட்டும்.

ஆட்டுக்கல்லைத் தூக்க வந்த நாலு பசங்களுக்கும் நன்றி, முதுகு இப்ப பரவாயில்லையா? அது ஒரு வாழையிலை சாப்பாட்டுக் கடைக்குப் போச்சு. போன வாரம் போய் பார்த்தேன், வாசல்ல வெச்சு அதுக்குள்ள தண்ணி ஊத்தி பூ மிதக்க விட்டிருக்காங்க. மாவு அரைக்கற கல்லுல பூ. சரி, அழகாத்தான் இருக்கு, போகட்டும்.

தேக்கு அலமாரியைப் பாக்க வந்த ஒரு பழைய சாமான் கடைக்காரர் மட்டும் முப்பது வெள்ளின்னு விலை சொன்னாரு, அவருக்கு நன்றி கிடையாது. அது இப்ப பக்கத்து வீட்டு சீன ஆண்ட்டி வீட்டுல இருக்கு, காசு வாங்கல, அவங்க பதிலுக்கு கூட நின்னு பாத்திரம் முழுக்க பேப்பர்ல சுத்திக் குடுத்தாங்க, மத்தியானம் சாப்பாடும் கடையில தபாவ் (பார்சல்) பண்ணிட்டு வந்தாங்க. சைவமான்னு கடையில ரெண்டு தடவை கேட்டுத்தான் வாங்கினாங்களாம்.

எங்க வீட்டுக்காரரோட டூல் பாக்ஸ் கொஞ்சம் கஷ்டமான கேஸ். ஸ்பேனர், ரம்பம், மேசையில முடுக்கற பெரிய பட்டறைப் பிடி, எல்லாத்துலயும் இன்னும் அந்த கிரீஸ் வாசம். யாருக்குன்னு மருமக கேட்டப்ப பல வாரம் என்கிட்ட பதிலே இல்ல. கடைசியில தெருமுனையில மோட்டார் சைக்கிள் பட்டறை வெச்சிருக்கற மலாய்ப் பையன் ஞாபகம் வந்துச்சு, சின்னப் பையனா இருந்தப்ப இவர்கிட்ட சைக்கிள் செயின் மாட்டக் கத்துக்கிட்டவன். வந்து பார்த்துட்டு ஒவ்வொரு ஸ்பேனரையும் துணியால துடைச்சு, "பாக்சிக் (மாமா) இதை இந்த இடத்துலதான் வெப்பாரு"ன்னு அதே வரிசையில திரும்ப அடுக்கினான். எனக்கே அந்த வரிசை தெரியாது. நன்றி தம்பி.

மருந்து விஷயத்துல உதவினது கிளினிக்ல நர்ஸா இருக்கற என் தங்கச்சி மக. இவர் போனதுக்கப்புறம் அந்த டிராயரை நான் திறக்கவே இல்ல, மாத்திரை, இன்சுலின், ஊசின்னு எல்லாம் அப்படியே கிடந்துச்சு. குப்பையிலயும் போடக்கூடாது, டாய்லெட்லயும் கொட்டக்கூடாது பெரியம்மா, அரசாங்க ஆஸ்பத்திரி ஃபார்மசி கவுண்டர்ல குடுத்தா வாங்கிப்பாங்கன்னு சொல்லி அவளே எடுத்துட்டுப் போனா. ஊசியை மட்டும் தனியா கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில்ல போட்டு மூடி டேப் ஒட்டினா, இல்லன்னா குப்பை அள்றவங்க கையைக் குத்திடும்னா.

குப்பை அள்றவங்கன்னு சொல்லும்போதே ஆலம் ஃப்ளோரா தம்பிங்க ஞாபகம் வருது, அவங்களும் இந்த லிஸ்ட்ல உண்டு. கேஎல்ல 2015 செப்டம்பர்லேர்ந்து வீட்டுலயே குப்பையைப் பிரிச்சு வெக்கணும்னு இருக்கே, வாரத்துல ரெண்டு நாள் சாதாக் குப்பை, ஒருநாள் மறுசுழற்சி சாமான், மெத்தை சோபா மாதிரி பெருசா இருக்கறதும் அந்த ஒருநாள்லதான். அது தெரியாம அக்கம்பக்கத்துல கண்ட நாள்ல வெளிய தள்ளி, நாய் கிழிச்சு, பெரிய சண்டையெல்லாம் நடந்திருக்கு. எங்க லேன் தம்பிங்க முன்கூட்டியே வந்து எந்த நாள் எதை வெக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க, பழைய மெத்தையைத் தூக்கறப்ப என்னையும் கை வெக்க விடல. துணிமணி, பிளாஸ்டிக், பாட்டில் எல்லாம் கெப்போங்ல இருக்கற சூ சிங்கற புத்த தர்ம அமைப்புக்குப் போச்சு, அங்க எழுபது வயசுக்கு மேல இருக்கற சீன பாட்டிங்க ஸ்டூல் போட்டு உக்காந்து தரம் பிரிக்கறாங்க, என்னமா ஒரு வேகம். பெரிய முதுகு வெச்ச பழைய டிவி ஒண்ணு, 2019ல அனலாக் ஒளிபரப்பை நிறுத்தினதுலேர்ந்து பூந்தொட்டி வெக்கற மேசையா இருந்துச்சு, அந்தக் கண்ணாடியில ஈயம் இருக்கு அத்தை, சாதாக் குப்பையில சேரக்கூடாதுன்னு என் அண்ணன் மகன் மின்கழிவு எடுக்கற இடத்துக்குக் கொண்டு போனான்.

வக்கீலா இருக்கற என் மாணவிக்குத் தனியா ஒரு கும்பிடு. வீடு விக்கற பேப்பரை ஒவ்வொரு பக்கமா தமிழ்ல விளக்கிச் சொன்னா. சொந்த வீட்டை அஞ்சு வருசத்துக்கு மேல வெச்சிருந்து வித்தா 2022லேர்ந்து குடிமக்களுக்கு, வித்த லாபத்துல கட்டற அந்த ஆர்பிஜிடி வரி கிடையாது டீச்சர், சும்மா பயப்படாதீங்கன்னா. அபார்ட்மெண்ட்டுக்கு மெயிண்டனன்ஸ் காசோட, பெரிய ரிப்பேருக்குச் சேர்த்து வெக்கற சிங்கிங் ஃபண்டுன்னு அதுல 10 சதவீதம் கூட வரும், அதையும் கணக்குல வெச்சுக்கங்கன்னு எச்சரிச்சதும் அவதான். காகிதம் கழிக்கறதுக்கும் அவளே வழி சொன்னா, வருமான வரி சம்பந்தப்பட்டது 7 வருசம் இருந்தா போதும், பழைய தண்ணி பில் கரண்ட் பில் எல்லாம் கிழிச்சுப் போடலாம், ஆனா சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்), குடியுரிமைக் காகிதம், கல்யாணப் பதிவு, தாத்தா பாட்டி காலத்து ஐசி (அடையாள அட்டை) எதுலயும் கை வெக்காதீங்கன்னா. இதை எல்லாருக்கும் சத்தமா சொல்லிக்கறேன். நம்ம ஜனங்க எத்தனை பேரு குடியுரிமை இல்லாம சிவப்பு ஐசியோட அலைஞ்சாங்க, ஒரு துண்டுப் பேப்பர் இல்லாம பேரப்பிள்ளைங்க வரைக்கும் பள்ளிக்கூடம் சேர்க்கத் தவிச்சாங்க, நான் டீச்சரா கண்ணால பார்த்திருக்கேன். சாமானைக் குறைங்க, அந்த ஃபைலைக் குறைக்காதீங்க.

மாமனார் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுன கத்தியும், பால் பிடிக்கற ஒரு மங்கும் இருக்கு. அது யாருக்குன்னு மருமக கேக்கவே இல்ல, அவளே துணியில சுத்தி என் கூட வர்ற பெட்டியில வெச்சுட்டா. தோட்டத்துல பொறந்தவ இல்ல அவ, ஆனாலும் தெரிஞ்சிருக்கு.

பட்டுச்சேலையெல்லாம் எடுத்துக்கிட்ட பரதநாட்டிய டீச்சருக்கும், காட்டன் சேலையை முதியோர் இல்லத்துக்கு வாங்கிட்டுப் போன மாதர் சங்கத்து அக்காங்களுக்கும், சாமான் ஏத்தின லோரி டிரைவர் அண்ணனுக்கும், ஏத்தி முடிச்சப்ப எல்லாருக்கும் தே தாரேக் வாங்கிக் குடுத்த மாமாக் கடை பாய்க்கும் நன்றி.

இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. இட்லிப் பானை பெருசு ஒண்ணு, இடியாப்பத் தட்டு ஒரு அடுக்கு, நல்ல கண்டிஷன்ல ஒரு தையல் மெஷின், மிதிக்கற டைப், பெல்ட் மட்டும் மாத்தணும். யாருக்கு வேணுமோ சொல்லுங்க, காசெல்லாம் வேணாம், வந்து எடுத்துக்கணும். வர்றதுக்கு முன்னாடி மட்டும் போன் பண்ணிடுங்க, கீழ ஜாகா (வாட்ச்மேன்) உங்க பேரும் கார் நம்பரும் கேப்பாரு, நான் முன்னாடியே சொல்லி வெக்கலன்னா உள்ள விட மாட்டாரு.