கண்டெய்னருக்கு முன்னால் குளிர் அறை

ஆசிரியருக்கு வணக்கம்.

தேனி மாவட்டத்து வாழை வளைகுடாவுக்குக் கப்பலேறுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, போன சரக்கு வழியிலேயே பழுத்து வீணாகும்போது விவசாயி படும் பாட்டைச் சரியாகவே சொல்லியிருந்தது. பழியைக் கப்பல் மேல் போட்டதும், "பறித்த காயை நேராக ரீஃபர் கண்டெய்னரில் ஏற்றிவிட்டால் அதுவே குளிரவைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்" என்று எழுதியதும்தான் இடிக்கிறது. அந்த வரியை நம்பிப் பேக் ஹவுஸ் (காயைத் தரம் பிரித்துப் பெட்டியிலடைக்கும் கூடம்) போடுகிறவர்கள் முதல் லோடிலேயே கையைச் சுட்டுக்கொள்வார்கள்.

ரீஃபர், ஏற்கெனவே குளிர்ந்த சரக்கை அதே குளிரில் வைத்திருக்கச் செய்த பெட்டி. கணக்குப் போட்டால் விளங்கும். 40 அடி ஹைகியூப் கண்டெய்னரில் 13 கிலோ அட்டைப்பெட்டிகள் 1,500க்கு மேல் பிடிக்கும். சுமார் 20 டன். பகலில் வெட்டிய ஜி-9 ரக வாழைக்காயின் உட்சூடு 30 டிகிரியை ஒட்டி இருக்கும். அதை 14க்கு இறக்க ஏறக்குறைய 300 யூனிட் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். கண்டெய்னரின் எந்திரம் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு யூனிட் வெப்பத்தைத்தான் வெளியே இழுக்கும். ஆகக் காகிதக் கணக்கிலேயே ஒரு நாள் தாண்டிவிடுகிறது. இதில் காய் மூச்சு விடுவதால் எழும் சூட்டைச் சேர்க்கவில்லை. சூடான காய் இன்னும் வேகமாக மூச்சு விடும். ஓரத்து அட்டைப்பெட்டிகள் இறங்கிவிட்டாலும் நடு அடுக்கு நாள் கணக்கில் வெந்துகொண்டிருக்கும். அங்கே ஒரு சீப்பு பழுக்கத் தொடங்கி பழுக்கவைக்கும் எத்திலீன் வாயு கிளம்பினால், அதே காற்று சுற்றிச் சுற்றி வருவதால் மற்றவையும் பின்தொடரும்.

எக்குவடாரில் சூடாகவே ஏற்றுகிறார்களே என்று சிலர் கேட்பதுண்டு. ஏற்றுகிறார்கள்தான். ஆனால் அட்டைப்பெட்டியின் ஓட்டை, பேலட் (பெட்டிகளை அடுக்கும் தட்டு) அடுக்கு, துறைமுகத்தில் மின்சாரப் பிளக் கிடைக்கும் நேரம் என்று எல்லாமே அதற்கேற்ப அமைந்த வணிகம் அது. பேலட் இல்லாமல் கையால் அடுக்கிவிட்டு அவர்களைப் பார்த்துச் செய்ய முடியாது.

எனவே முதலில் வேண்டியது தோட்டத்துக்குப் பக்கத்தில் பிரீ-கூலிங் அறை, அதாவது ஏற்றுவதற்கு முன்பே காயைக் குளிரவைக்கும் அறை. வெறும் கோல்டு ஸ்டோரேஜில் அடுக்கி வைத்தால் போதாது. அட்டைப்பெட்டிகளை இரண்டு சுவர்போல் நிறுத்தி, நடுவே உள்ள இடைவெளியை மேலே தார்ப்பாய் போட்டு மூடி, ஒரு முனையில் மின்விசிறி வைத்துக் காற்றை ஓட்டைகள் வழியாக இழுக்க வேண்டும். அட்டைப்பெட்டிக்குள் வரும் பாலித்தீன் உறை ஓட்டையை அடைத்தால் இதுவும் பலிக்காது. எத்தனை மணி நேரம் என்பதை அறையின் மீட்டரைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. நடு அடுக்கில் ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்து, ஒரு காயில் ஊசித் தெர்மாமீட்டரைச் சதைவரை குத்திப் பார்க்க வேண்டும். 14 வந்த பிறகே ஏற்ற வேண்டும்.

அவசரப்பட்டு 10, 11 வைப்பதும் ஆபத்து. 13க்குக் கீழே வாழைக்குக் குளிர்க்காயம் வரும். சந்தேகமிருந்தால் தோலை நகத்தால் லேசாகச் சீவிப் பாருங்கள். அடியில் பழுப்பு நிறம் நூல்நூலாக ஓடியிருக்கும். பச்சையாக இருக்கும்போது வெளியே அவ்வளவாகத் தெரியாது. பழுக்கவைக்கும்போதுதான் மஞ்சள் எடுக்காமல் சாம்பல் பூத்து நிற்கும், அதுவும் வாங்கியவர் கிடங்கில்.

அடுத்தது அடுக்கும் வேலை. இங்கேதான் பாதிச் சரக்கு கெடுகிறது. ரீஃபரின் தரை வரிவரியாக அலுமினியப் பட்டைகளால் ஆனது. குளிர்காற்று அந்தச் சந்துகளில் ஓடி, சரக்கின் ஊடே மேலேறி, கூரையடியில் திரும்பி எந்திரத்துக்குப் போகிறது. உள்சுவரில் சிவப்புக் கோடு ஒன்று இருக்கும்; அதற்கு மேல் ஒரு வரிசை கூடுதலாகச் சொருகினால் திரும்பும் வழி அடைபடும். கதவோரம் தரை காலியாக விட்டால் காற்று சரக்குக்குள் போகாமல் அந்த வழியாகவே குறுக்கே ஏறிவிடும், எனவே அந்த இடத்தை அட்டை போட்டு மூட வேண்டும். மேல் அட்டைப்பெட்டியின் ஓட்டையும் கீழ் அட்டைப்பெட்டியின் ஓட்டையும் நேர்க்கோட்டில் நிற்கவேண்டும். நாலு விரல் தள்ளி வைத்தால் ஓட்டையும் அடையும், மூலைகளில் பாரம் தாங்காமல் அட்டையும் அமுங்கும்.

காலிக் கண்டெய்னரை முன்கூட்டியே குளிரவைத்துத் திறந்த வெளியில் கதவைத் திறப்பதும் பரவலான தவறு. நம் ஊர் ஈரக்காற்று உள்ளே புகுந்து சுவரெல்லாம் வியர்க்கும், அட்டை ஊறும், எந்திரத்தின் குளிர்க்குழாய்ச் சுருளில் பனிக்கட்டி பிடிக்கும். கதவு திறந்திருக்கும்வரை எந்திரத்தை நிறுத்தி வையுங்கள். கண்டெய்னர் கதவோடு ஒட்டும் குளிர் டாக் (குளிரூட்டிய ஏற்றுமேடை) இருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

கண்டெய்னருக்குள் வெளிக்காற்றை விடும் துவாரத்தில் எண்ணிக்கைக் குழப்பம் ஒன்று உண்டு. வாழைக்கு மணிக்கு 50, 60 கன மீட்டர் வெளிக்காற்று கேட்பார்கள். புக்கிங்கில் "50" என்று மட்டும் எழுதினால் யாரோ அதை 50 சதவீதம் என்று திறந்துவைப்பார். அலகையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு, தேனியிலிருந்து தூத்துக்குடி வரை டிரெய்லரில் ஜென்செட் (கண்டெய்னருக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர்) ஓடியதா என்பதையும் பார்க்க வேண்டும். டீ குடிக்க நிறுத்திய இடத்தில் அணைத்தாலும் கண்டெய்னரின் லாகர் (வெப்பநிலையைப் பதிவுசெய்யும் கருவி) காட்டிக்கொடுக்கும்.

அந்த லாகர்தான் பின்னால் வழக்காடும்போது சாட்சி. சப்ளை காற்று (எந்திரம் அனுப்புவது) 13.5, ரிட்டர்ன் காற்று (சரக்கைச் சுற்றித் திரும்புவது) 20 என்று முதல் நாலு நாள் பதிவாகியிருந்தால், எந்திரம் ஒழுங்காக ஓடியது, சரக்குத்தான் சூடாக வந்தது என்று கப்பல் கம்பெனி நிரூபித்துவிடும். ஏற்றும்போது குத்திப் பார்த்த உட்சூட்டை அட்டைப்பெட்டி எண்ணோடு எழுதி, போட்டோ எடுத்து வைத்தவர்களிடம்தான் அதற்குப் பதில் இருக்கும். வெளியே தெரியாத சேதத்துக்கு டெலிவரி எடுத்த மூன்று நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதையும் வாங்குபவரிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

ஐரோப்பாவுக்கு ஏன் அனுப்பவில்லை என்றும் கட்டுரை கேட்டிருந்தது. 2023 நவம்பரில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கியபின் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. அப்படிப் போனால் பத்து நாள், இரண்டு வாரம் கூடும். அத்தனை நாளைக்குச் சாதாரண ரீஃபர் போதாது. ஆக்சிஜனைச் சில சதவீதத்துக்குக் குறைத்து, கரியமில வாயுவைச் சற்றே ஏற்றி வைக்கும் கண்டெய்னர் வேண்டும். வாடகையும் கூடும். அதற்கு முன் வளைகுடா லோடு நாலு ஒழுங்காகப் போகட்டும்.

அதே துறைமுகத்தில் ஏறும் இறாலுக்கு விதியெல்லாம் தலைகீழ். உறைந்த இறால் மூச்சு விடாது. எனவே காற்று ஊடே போக வேண்டாம், சுற்றிப் போனால் போதும். இடைவெளி இல்லாமல் ஒரே கட்டியாக அடுக்குவார்கள். காற்றுத் துவாரம் இறுக்க மூடியிருக்க வேண்டும். முன் லோடில் பழம் போன கண்டெய்னரில் துவாரம் திறந்தபடியே வந்தால், உள்ளே புகும் ஈரம் பனியாகி எந்திரத்தின் குளிர்க்குழாய்ச் சுருளை அடைத்துவிடும். அட்டைப்பெட்டியின் அடியில் பொடிப்பனி கொட்டிக் கிடந்தாலோ இறால் கட்டி மூலை மழுங்கியிருந்தாலோ, வழியில் எங்கோ இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தியில் இறாலுக்கு "18 டிகிரி" என்று அச்சாகியிருக்கிறது. மைனஸ் குறி விடுபட்டுவிட்டது. புக்கிங் படிவத்திலும் இதே பிழை நேர்வதால், குறியோடு நிற்காமல் "மைனஸ் 18 செல்சியஸ்" என்று எழுத்தாலும் எழுதுவது வழக்கம். அடுத்த இதழில் அப்படியே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஏற்றுமதிச் சரக்குப் பிரிவில் பணிபுரியும் வாசகர்,
தூத்துக்குடி.